வீட்டுக் கடன் தவணையை மாற்றியமைக்க வக்கீல் வைக்க வேண்டுமா? நீலகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேயிலைக் கொழுந்து விலை விழுந்தோ, சுற்றுலா சீசன் படுத்தோ, வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தோ வீட்டுக் கடன் தவணை நின்றுபோனால், நம் மலையில் இரண்டு யோசனைகள்தான் உடனே காதில் விழும். "மேனேஜர் தெரிந்தவர்தான், போய்ப் பேசிப் பார்" என்பது ஒன்று. "நல்ல வக்கீலாகப் பிடித்து ஸ்டே வாங்கிவிடு" என்பது இன்னொன்று. இரண்டிலும் தவறில்லை. செய்யும் நேரம் தவறினால்தான் ஆபத்து. கோத்தகிரிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டைக் கடனிலிருந்து காப்பாற்ற நாங்கள் பட்ட பாட்டில் எனக்குத் தெளிவானது இதுதான்: கடன் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால், வக்கீல் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தானாகவே விடை கிடைத்துவிடும்.

எல்லா வங்கிக்கும், வீட்டு வசதி நிதி நிறுவனத்துக்கும் பொருந்துகிற அளவில் எழுதியிருக்கிறேன். கந்துவட்டிக் கடனும் நகைக் கடனும் வேறு விஷயம்.

1. கடன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கிளைக்குப் போய், கடன் வாங்கிய நாளிலிருந்து இன்று வரையிலான முழுக் கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். கடைசி ஆறு மாதத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தால் ஏற்காதீர்கள். கையில் வந்ததும், எந்தத் தவணையிலிருந்து பாக்கி நிற்கிறது, அந்தத் தேதியிலிருந்து இன்று வரை எத்தனை நாள் என்று எண்ணுங்கள்.

பாக்கி 30 நாள் வரை, 60 நாள் வரை, 90 நாள் வரை என்று வங்கி மூன்று படிகளாகக் கணக்கு வைக்கிறது. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் சிரமத்தில் இருக்கும் வாடிக்கையாளர். கிளை மேலாளர் அளவிலேயே சில காரியங்கள் நடக்கும். அந்தப் பக்கம் போய்விட்டால் கோப்பு வசூல் பிரிவுக்கு மாறிவிடும். கிளையில் இருப்பவர் நல்லவராகவே இருந்தாலும் அவர் கையில் அதிகாரம் இருக்காது.

அறிக்கையில் வட்டி வரிகளுக்கு நடுவே சின்னச் சின்னத் தொகைகளாக "பீனல்" என்று வரும். அவற்றைப் பென்சிலால் வட்டமிடுங்கள். தவணை தவறியதற்கு அபராதக் கட்டணம் விதிக்கலாம். ஆனால் அதை வட்டியாகச் சேர்த்து, வட்டிக்கு வட்டியாக ஏற்றக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. 2024 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பேச்சுவார்த்தையில் முதலில் தள்ளுபடி ஆகக்கூடியது இந்தத் தொகைதான்.

2. 90 நாளுக்குள் என்றால் வக்கீல் வேண்டாம், கடிதம் எழுதுங்கள்

இந்தக் கட்டத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காரியம் கெடும். கிளை அதைத் தன் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். உங்களோடு பேச நினைத்த அதிகாரியும் பிறகு வாய் திறக்க மாட்டார். நீங்களே, உங்கள் பெயரில், ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். மூன்று விஷயம் போதும்: வருமானம் ஏன் குறைந்தது, எப்போது சரியாகும், அதுவரை மாதம் எவ்வளவு கட்ட முடியும். கெஞ்சலும் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம்.

கடிதத்தின் நகலில் தேதியுடன் "பெறப்பட்டது" என்ற முத்திரை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள். எங்கள் கிளையில் இருந்த அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, "விஷயம் புரிகிறது சார், நான் பார்த்துக்கொள்கிறேன், சீல் எல்லாம் எதற்கு?" என்று தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். கோபப்படாமல், பக்கத்துத் தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அந்த இளஞ்சிவப்பு அட்டைதான் பிறகு எங்கள் கோப்பின் முதல் தாளாக இருந்தது. வாய்ப்பேச்சில் கிடைத்த உறுதிமொழிக்கு, அந்த அதிகாரி இடமாற்றலில் சமவெளிக்குப் போன நாளோடு ஆயுள் முடிந்துவிடும்.

கடிதம் கொடுத்துவிட்டோம் என்று தவணையை முழுதாக நிறுத்திவிடவும் வேண்டாம். 15,000 கட்ட வேண்டிய இடத்தில் 6,000 முடிந்தால் அதையே கட்டுங்கள். உங்கள் எண்ணம் நல்லது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

3. கடிதத்தோடு இணைக்க வேண்டியவை

- கடன் அனுமதிக் கடிதம், கடன் ஒப்பந்தம் இரண்டின் நகல். உங்களிடம் இல்லாவிட்டால் வங்கியிடம் எழுதிக் கேளுங்கள்.
- வருமானம் குறைந்ததற்கான சான்று. தேயிலைக்காரர் என்றால், தொழிற்சாலை தரும் மாதாந்திரக் கொழுந்துக் கணக்கு, நல்ல ஆண்டும் மோசமான ஆண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. டாக்சி, காட்டேஜ் என்றால் வங்கிக் கணக்கு அறிக்கையும் வருமான வரிக் கணக்கும். சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டு அல்லது வேலை நீக்கக் கடிதம்.
- மருத்துவச் செலவு என்றால் டிஸ்சார்ஜ் சுருக்கமும் பில்களும்.
- மண்சரிவிலோ மழையிலோ வீட்டுக்குச் சேதம் என்றால் கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் தேதி தெரியும் புகைப்படங்களும். அரசு இயற்கைச் சீற்றம் என்று அறிவித்த பகுதியில் கடனை மாற்றியமைக்க வங்கிகளுக்குத் தனி விதிமுறையே இருக்கிறது.
- புதிய வில்லங்கச் சான்றும் பட்டாவும். மொத்தச் செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

இணைக் கடன்தாரராக மனைவியோ அண்ணனோ இருந்தால் அவர்களும் கையெழுத்திட வேண்டும். பங்காளி சம்மதம் இல்லாமல் கோப்பு திரும்பி வருவது நம் பக்கம் சகஜம்.

4. எதைக் கேட்பது, அதற்கு என்ன விலை

வக்கீல் கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு இந்தக் கணக்கைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் பெரிய பணம் போவது இங்கேதான்.

15 லட்சம் பாக்கி, 9 சதவீத வட்டி, இன்னும் 15 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 15,214 ரூபாய். அதை 20 ஆண்டாக நீட்டினால் தவணை 13,496 ஆகும். மாதம் 1,700 சொச்சம் குறைகிறது. ஆனால் மொத்த வட்டி சுமார் 5 லட்சம் கூடுகிறது. "காலத்தை நீட்டித் தருகிறோம்" என்று சொன்னவுடன் கும்பிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு மாதம் தவணை விலக்கு கேட்டாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதே கடனில் அந்த ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 68,800 ரூபாய் அசலோடு சேர்ந்துவிடும்.

அதனால் கேட்கும் வரிசை முக்கியம். முதலில் அபராதக் கட்டணத் தள்ளுபடி. அடுத்து வட்டி விகிதம்: பழைய முறையில் வட்டி போடப்பட்ட கடன் என்றால், ரெப்போவோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம்) இணைந்த விகிதத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். வங்கிகள் 2019 அக்டோபர் முதல் புதிய மிதக்கும் வட்டி (ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைத்தே தருகின்றன. மாறுவதற்கு ஒரு சிறு கட்டணம் இருக்கலாம், ஆனால் லாபம் ஆண்டுக்கணக்கில் வரும். அதற்கும் பிறகுதான் கால நீட்டிப்பு. தவணை விலக்கு கடைசி.

நம் வருமானம் மாதாமாதம் ஒரே சீராக வருவதில்லை. உறைபனிக் காலத்தில் கொழுந்து இல்லை. ஏப்ரல், மே தவறினால் காட்டேஜ்காரருக்குக் கை வறண்டுவிடும். சீசனுக்கு ஏற்பத் தவணையை ஏற்றி இறக்க வீட்டுக் கடனில் வங்கி எளிதில் இணங்காது. அதற்குப் பதிலாகக் குறைந்த தவணைக்கு ஒப்புக்கொண்டு, நல்ல மாதங்களில் கூடுதலாக அசலில் கட்டிவிடுங்கள். தனிநபர் பெயரில் உள்ள மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டக் கட்டணம் கிடையாது. கட்டும்போது "அசலில் வரவு வைக்கவும்" என்று எழுதிக் கொடுங்கள்.

மாற்றியமைத்த கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அப்படியே பதிவாகும், அடுத்த கடனுக்கு அது இடைஞ்சலாகும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

5. வங்கி வாயே திறக்காவிட்டால்

கடிதத்துக்கு 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை. இணையத்தில் பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டு வசதி வங்கியிடம் முறையிட வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் காலம் கடத்தியவர்கள் உண்டு.

குறைதீர்ப்பாளரிடம் வக்கீல் மூலம் போக முடியாது. நீங்களோ, வக்கீல் அல்லாத உங்கள் பிரதிநிதியோதான் போக வேண்டும். இதற்காக ஒருவர் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். குறைதீர்ப்பாளர் அபராதம், தவறான கணக்கு, பதில் இல்லாமை ஆகியவற்றுக்கு உதவுவார். கடனை மாற்றியமைத்தே தர வேண்டும் என்று வங்கிக்கு உத்தரவிடுவார் என எதிர்பார்க்க வேண்டாம்; அது வங்கியின் வணிக முடிவு.

வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்தால், நேரத்தைக் குறித்து வையுங்கள். அதற்கும் புகார் கொடுக்கலாம்.

6. 60 நாள் அறிவிப்பு வந்துவிட்டதா? ஒரு முறை வக்கீலைப் பாருங்கள்

வாராக் கடன் ஆன பிறகு, 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் (கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழிவிடும் சட்டம்) 13(2) பிரிவின்படி ஓர் அறிவிப்பு வரும். மொத்தப் பாக்கியையும் 60 நாளில் கட்டு என்று சொல்லும். படித்தவுடன் கை நடுங்கும். ஆனால் வீடு அன்றே போய்விடாது.

தபால்காரரிடம் வாங்க மறுத்தால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுத்தாலும் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்; நாள் ஓடிக்கொண்டே இருக்கும். பிழைப்புக்காகத் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டவர்கள் தற்போதைய முகவரியை வங்கியில் எழுதிக் கொடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் அறிவிப்பு பூட்டிய வீட்டுக் கதவில் ஒட்டிக்கொண்டு மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

இந்த அறிவிப்புக்கு ஆட்சேபணை எழுதும் உரிமை 13(3ஏ) பிரிவில் இருக்கிறது. எழுதினால் வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தர வேண்டும். அந்த ஆட்சேபணையை எழுதத்தான் ஒரு வக்கீலின் அரை மணி நேரம் வேண்டும். முழு வழக்கையும் ஒப்படைக்கும் கட்டம் இது இல்லை. ஆலோசனைக் கட்டணம் மட்டும் கொடுத்து, கீழே உள்ளவற்றைக் கேளுங்கள்.

பாக்கித் தொகை, அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா? இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. அடமானம் வைத்தது விவசாய நிலமா? விவசாய நிலத்தின் மீதும் இந்தச் சட்டம் பாயாது. நம் பகுதியில் வீடும் தேயிலையும் ஒரே பட்டாவில் இருப்பது நிறைய. ஆனால் பட்டாவில் புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது. உண்மையில் அங்கே விவசாயம் நடக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அளவைப் படம், அடங்கல் (நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு), கொழுந்து விற்ற கணக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு போனால்தான் வக்கீல் ஒரு பதிலைச் சொல்ல முடியும். வெறுங்கையோடு போனால் அந்த அரை மணி நேரம் வீண்.

ஆட்சேபணையிலேயே உங்கள் மாற்றியமைப்புத் திட்டத்தையும் மறுபடி எழுதுங்கள். பேசுவதற்கான கதவு இன்னும் திறந்திருக்கிறது.

7. கைப்பற்றல் அறிவிப்பு வந்தால் வக்கீல் வைத்தே ஆக வேண்டும்

60 நாள் கடந்த பிறகு 13(4) பிரிவின்படி கைப்பற்றல் அறிவிப்பைக் கதவில் ஒட்டுவார்கள். இரண்டு பத்திரிகைகளிலும் போடுவார்கள், அதில் ஒன்று தமிழில். முதலில் இது பெரும்பாலும் காகித அளவில்தான். ஆட்களை வெளியேற்றுவதற்கு மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ வங்கி 14ஆவது பிரிவில் தனியாக உத்தரவு வாங்கும்.

கைப்பற்றல் நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். நீலகிரிக்கான தீர்ப்பாயம் கோவையில் இருக்கிறது. இந்த 45 நாளை இன்றே காலண்டரில் குறியுங்கள். மழைக் காலத்தில் பர்லியார் சாலையோ கோத்தகிரி சாலையோ அடைபடலாம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கோவை போய் வருவதே ஒரு நாள் வேலை. கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

மனுக் கட்டணம் கடன் தொகையைப் பொறுத்தது. 10 லட்சத்துக்குக் கீழ் என்றால் கடன்தாரருக்கு ஒவ்வொரு லட்சத்துக்கும் 500 ரூபாய். அதற்கு மேல் 5,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 250 ரூபாயும். 18 லட்சம் பாக்கி என்றால் 7,000 ரூபாய். வக்கீல் கட்டணம் இதற்கு மேல் தனி. தடை உத்தரவு கிடைத்தாலும், பாக்கியில் ஒரு பகுதியை இத்தனை நாளில் கட்டு என்ற நிபந்தனையோடு வருவதுதான் வழக்கம். அந்தப் பணத்துக்கு வழி இல்லாமல் மனு போடுவதில் பயனில்லை. வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தையும் அந்தப் பணத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

"இங்கேயே முன்சீப் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டு நிறுத்திவிடலாம்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அதே சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது. மோசடி போன்ற அபூர்வமான விதிவிலக்குகள் உண்டு. உங்களுடையது பெரும்பாலும் அது இல்லை. அங்கே வழக்கு நடக்கும்போதே தீர்ப்பாயத்தின் 45 நாள் கரைந்துவிடும்.

ஏலத்துக்கு முன் 30 நாள் விற்பனை அறிவிப்புத் தர வேண்டும். முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். ஏல நாள் வரை நேரம் இருக்கிறது என்று நினைத்து வீட்டை இழந்தவர்கள் உண்டு. 2016 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை இதுதான், உச்ச நீதிமன்றமும் 2023இல் இதை உறுதி செய்துவிட்டது.

8. எந்த வக்கீல், என்ன கட்டணம்

நிலத் தகராறில் கெட்டிக்காரரான உங்கள் குடும்ப வக்கீல் இதற்கு ஏற்றவராக இருக்க வேண்டியதில்லை. தீர்ப்பாயத்தில் வாரந்தோறும் நிற்பவர் வேண்டும். அவர் பெரும்பாலும் கோவையில்தான் இருப்பார். குன்னூர், உதகை வக்கீல் மூலம் போனால், தீர்ப்பாயத்தில் நிற்கப்போவது யார், அவருக்குத் தனிக் கட்டணமா என்று முதலிலேயே கேளுங்கள்.

கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: ஆட்சேபணை, மனு, இடைக்கால உத்தரவு, இறுதி விசாரணை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனிப் பணமா என்பதும் அதில் இருக்கட்டும். "வங்கி தள்ளுபடி செய்யும் தொகையில் பத்து சதவீதம் எனக்கு" என்று கேட்பவரிடம் போகாதீர்கள். முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை வழக்கறிஞர் மன்ற விதிகளே தடுக்கின்றன. வக்காலத்தில் கையெழுத்திடும்போது தொகையும் தேதியும் வெற்றாக இருக்கும் தாள்களைச் சேர்த்து நீட்டினால், மறுத்துவிடுங்கள்.

9. காசில்லாவிட்டால்

உதகை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், இயற்கைச் சீற்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. கடனில் மனைவியோ அம்மாவோ இணைக் கடன்தாரராக இருந்தால், மனுவை அவர் பெயரில் கொடுங்கள். இது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. தீர்ப்பாய வழக்குக்கும் இந்த உதவியைக் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

அதே ஆணைக்குழுவிடம், வழக்குக்கு முந்தைய சமரசமாக உங்கள் கடனை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) எடுத்துக்கொள்ளச் சொல்லி மனு கொடுக்கலாம். செலவில்லை. வங்கியின் மண்டல அதிகாரி நேரில் வந்து உட்காருவதால், கிளையில் நகராத விஷயம் அங்கே நகரும். ஆனால் அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. கட்ட முடியாத தொகைக்கு, சுற்றி இருப்பவர்கள் அவசரப்படுத்துகிறார்களே என்று ஒப்புக்கொள்ள வேண்டாம்.

10. இடையில் வருபவர்கள்

பத்திரிகையில் உங்கள் பெயரோடு கைப்பற்றல் அறிவிப்பு வந்த மறுநாளிலிருந்து போன்கள் வரும். "ரிசர்வ் வங்கித் திட்டத்தில் பாதிக் கடனைத் தள்ளுபடி வாங்கித் தருகிறோம்" என்பார்கள். கொரோனா காலத்தில் அப்படி ஒரு மாற்றியமைப்புத் திட்டம் இருந்தது உண்மை. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் 2021 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஒரே தடவையில் கட்டி முடிக்கும் தீர்வை வங்கி தரலாம், தராமலும் போகலாம். அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே அதை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவர், தன் கையில் இல்லாததை விற்கிறார்.

இன்னொரு வகை உண்டு: "வீட்டை என் பெயருக்கு எழுதிக் கொடு, கடனை நான் கட்டுகிறேன், பிறகு திருப்பி எழுதித் தருகிறேன்." வேண்டாம். சொந்தக்காரர் சொன்னாலும் வேண்டாம்.

11. வங்கி ஒப்புக்கொண்ட பிறகு

புதிய தவணை, வட்டி விகிதம், முடியும் தேதி, தள்ளுபடி ஆன தொகை நான்கும் எழுதிய அனுமதிக் கடிதம் உங்கள் கைக்கு வரும் வரை எதுவும் முடியவில்லை. அதில் கடன் ஒப்புகை என்று, இவ்வளவு பாக்கி என நீங்கள் ஒத்துக்கொள்ளும் ஒரு தாள் இருக்கும்; அதிலுள்ள பாக்கித் தொகையை உங்கள் கணக்கு அறிக்கையோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள். கூடுதல் தொகைக்கு அடமானப் பத்திரம் மறுபடி பதிய வேண்டும் என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் புதிதாக விழும். அதை யார் ஏற்பது என்று முன்பே கேளுங்கள்.

பழைய தவணைக்கான தானியங்கிப் பிடித்தம் ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள். எங்களுக்குப் புதிய தவணையும் பழைய தவணையும் ஒரே மாதத்தில் பிடிக்கப்பட்டு, கணக்கில் பணமில்லாமல் திரும்பியதற்கு அபராதமும் விழுந்தது. எழுதிக் கொடுத்த பிறகு திருப்பித் தந்தார்கள். தீர்ப்பாயத்தில் மனு நிலுவையில் இருந்தால், ஒப்பந்தத்தின் நகலை உங்கள் வக்கீல் அங்கே தாக்கல் செய்து முடித்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அவரிடம் உள்ள உங்கள் அசல் தாள்களைப் பட்டியல் போட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.